கலிபோர்னியாவில் எல்.எம்.எஃப்.டி. உரிமம்: முதல் வகுப்பிலிருந்து மெடிகேர் வரை முழுமையான வழிகாட்டி

எனக்குத் தெரிந்த ஒரு பெண் போன வருடம் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு தடித்த கோப்பை விரித்து வைத்தாள். இரண்டரை வருட உழைப்பு. வாரம் தவறாமல் நிரப்பிய பதிவுத்தாள்கள், எல்லாவற்றிலும் கையெழுத்து. கூட்டிப் பார்த்தால் 3,100 மணிக்கு மேல் வந்தது, உரிமத்துக்கு வேண்டியது 3,000. ஆனால் பட்டம் வாங்கிய பிறகு, அசோசியேட் எண் (உரிமத்துக்கு முன் மேற்பார்வையில் வேலை பார்ப்பதற்கான பதிவு எண்) வருவதற்கு முந்தைய மூன்று மாதத்துக்கான கைரேகைப் படிவத்தின் நகல் அதில் இல்லை. "அக்கா, அது ஹெச்.ஆர்.ல இருக்கும்ல?" என்றாள். அவள் வேலை பார்த்த அந்த அமைப்பு மூடியே ஒரு வருடம் ஆகியிருந்தது. கிட்டத்தட்ட 300 மணி கணக்கிலிருந்து போனது. மறுபடி ஐந்து மாதம் வேலை பார்த்துத்தான் அதை ஈடுகட்டினாள்.

எல்.எம்.எஃப்.டி., அதாவது திருமண, குடும்ப சிகிச்சையாளர் உரிமத்துக்கான பாதையில் நான் பார்த்த தடுமாற்றங்களில் பெரும்பாலானவை இதே மாதிரிதான். சிகிச்சை தெரியாமல் யாரும் தோற்பதில்லை. எந்தத் தாள் எந்த வேலைக்கு முன்னால் வர வேண்டும் என்று தெரியாமல்தான் மாதக்கணக்கில் இழக்கிறார்கள். ஒரு மணி நேரம் கணக்கில் சேருமா சேராதா என்பது, நீங்கள் அந்த அறைக்குள் நுழைவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க வரிசையைப் பற்றியது.

கலிபோர்னியாவில் இந்த உரிமத்தைத் தருவது சாக்ரமென்டோவில் உள்ள பிஹேவியரல் சயின்சஸ் வாரியம். இனி வெறுமனே வாரியம் என்கிறேன். கீழே உரிமம் பற்றி உள்ள எண்கள் எல்லாம் கலிபோர்னியாவுக்கு மட்டுமே பொருந்தும். விதிகள் திருத்தப்படுவது சகஜம். ஆகவே விண்ணப்பிக்கும் வாரத்தில் வாரியத்தின் தளத்திலிருந்து புதிய படிவத்தையும் கையேட்டையும் இறக்கிக்கொள்ளுங்கள். தோழி தந்த பழைய பிடிஎஃப் வேண்டாம்.

## 1. எந்த மாநிலம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

அமெரிக்காவில் இந்த உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் தனி. ஐம்பது மாநிலங்களிலும் இருக்கிறது, ஆனால் பாடங்களும் மணிக்கணக்கும் தேர்வும் ஒரே மாதிரி இல்லை. டெக்சஸில் இருக்கும் ஒரு ஆன்லைன் படிப்பு அங்கே சரியாக இருக்கலாம். அதை வைத்துக்கொண்டு கலிபோர்னியாவில் விண்ணப்பித்தால், இந்த மாநிலத்துக்கே உரிய சட்டப் பாடம் உட்படச் சிலவற்றைத் தனியாகப் படித்துக் காட்டச் சொல்வார்கள்.

கணவர் அல்லது மனைவியின் வேலையால் மாநிலம் மாறக்கூடிய குடும்பம் என்றால், சேருவதற்கு முன் ஒரு கேள்வியைப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேளுங்கள்: "இந்தப் பட்டம் எந்தெந்த மாநில உரிமத்துக்குப் போதும்?" வாய்ப்பேச்சில் வரும் "போதும், போதும்" எதற்கும் உதவாது. இப்படி நகரும் வாய்ப்பு அதிகம் உள்ளவர்களுக்கு, திருமண, குடும்ப சிகிச்சைக் கல்விக்கென்றே உள்ள அங்கீகார அமைப்பான கோம்ஃப்டியின் அங்கீகாரம் பெற்ற படிப்பைத்தான் நான் சொல்வேன். கலிபோர்னியா அதைக் கட்டாயம் ஆக்கவில்லை, ஆனால் பல மாநிலங்களில் கதவு சுலபமாகத் திறக்கும்.

## 2. வேலை அனுமதியைக் கல்லூரி விண்ணப்பத்துக்கு முன்பே யோசியுங்கள்

நம்மவர்கள் நிறையப் பேர் இதை மூன்றாவது செமஸ்டரில்தான் யோசிக்கிறார்கள்.

ஹெச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் கணவர் அல்லது மனைவிக்கானது) இருந்துகொண்டு படிக்கலாம். வேலை அனுமதி அட்டை இல்லாமல் வேலை பார்க்க முடியாது. சம்பளம் இல்லாத வேலைதானே, தன்னார்வமாகச் செய்கிறேன் என்று நீங்களே தீர்மானித்துவிடாதீர்கள். மற்றவர்களுக்குச் சம்பளம் தரும் வேலையை இலவசமாகச் செய்வதும் அனுமதியற்ற வேலையாகப் பார்க்கப்படலாம். இதை ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டே ஆக வேண்டும்.

எஃப்-1 மாணவர் என்றால் கணக்கு வேறு. படிக்கும்போது வெளியே செய்யும் பயிற்சிக்கு சி.பி.டி. அனுமதி வேண்டும். அதையே முழுநேரமாக 12 மாதம் பயன்படுத்தினால், படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதியான ஓ.பி.டி. கிடைக்காது. ஓ.பி.டி. 12 மாதம். அறிவியல், தொழில்நுட்பப் பட்டங்களுக்குத் தரும் ஸ்டெம் நீட்டிப்பு பெரும்பாலான சிகிச்சைப் பட்டங்களுக்கு வராது; கல்லூரி தந்த ஐ-20 படிவத்தில் உள்ள பாடக் குறியீட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பட்டத்துக்குப் பிறகு குறைந்தது 1,700 மணி வேண்டும் என்பது வாரிய விதி. 52 வாரத்தால் வகுத்தால் வாரத்துக்கு 33 மணி, ஒரு வாரம்கூட விடாமல். முடியாததில்லை, ஆனால் ஒரு மாதம் தாமதமானாலும் கணக்கு உடையும். அதற்குப் பிறகு எந்த விசாவில் இருப்பீர்கள் என்ற பதிலோடுதான் படிப்பில் சேர வேண்டும்.

வாரியத்தின் விண்ணப்பத்துக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் அல்லது வரித்துறை தரும் ஐ.டி.ஐ.என். எண் இரண்டில் ஒன்று போதும். முதலாவது இல்லை என்று சோர்ந்து உட்கார்ந்திருந்த இருவரை எனக்குத் தெரியும். ஐ.டி.ஐ.என். வாங்கி அவர்கள் விண்ணப்பித்தார்கள்.

## 3. பட்டத்தைச் சரிபார்ப்பது

வேண்டியது முதுநிலை அல்லது முனைவர் பட்டம், 60 செமஸ்டர் யூனிட் அல்லது 90 குவார்ட்டர் யூனிட். திருமண, குடும்ப சிகிச்சை, ஆலோசனை உளவியல், மருத்துவ உளவியல் போன்ற சில பட்டப்பெயர்களை மட்டுமே சட்டம் ஏற்கிறது. கல்லூரியின் தளத்தில் "எல்.எம்.எஃப்.டி. உரிமத்துக்கான கல்வித் தகுதியை நிறைவு செய்கிறது" என்ற வரி இருக்க வேண்டும். "உரிமத்துக்குத் தயார்ப்படுத்துகிறது" என்பது வேறு வரி, அதில் உறுதி எதுவும் இல்லை.

இந்தியாவில் எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. உளவியல் படித்தவர்கள் முதலில் கேட்பது, "அதை வைத்து விண்ணப்பிக்கலாமா?" மதிப்பீடு செய்து பார்க்கலாம். வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் நிறுவனங்களின் கூட்டமைப்பான நேசஸில் உறுப்பினராக உள்ள ஒரு மதிப்பீட்டு நிறுவனத்திடம், பாடவாரியான அறிக்கை கேளுங்கள். ஆனால் நம் பட்டங்களில் பெரும்பாலும் இரண்டு குறை இருக்கும்: யூனிட் போதாது, நேரடியாக மக்களைச் சந்தித்த மேற்பார்வைப் பயிற்சி போதாது. ஒவ்வொரு பாடமாக ஒட்டுப்போட்டுக்கொண்டு மூன்று வருடம் அலைவதைவிட, இங்கே முதுநிலையைப் புதிதாகப் படிப்பதுதான் பலருக்கும் சீக்கிரம் முடிகிறது. கேட்கக் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் இதைத்தான் சொல்வேன்.

கூடவே இரண்டு சிறு பாடங்கள்: தற்கொலை அபாய மதிப்பீட்டில் 6 மணி, தொலைவழி சிகிச்சையில் 3 மணி. புதிய படிப்புகளில் இவை உள்ளேயே இருக்கும். இருந்தால், எந்தப் பாடத்தில் இருந்தது என்று கல்லூரியிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வருடம் கழித்து அந்தத் துறை அலுவலகத்தில் உங்களைத் தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

## 4. படிக்கும்போதே சேரும் மணிகள்

12 செமஸ்டர் யூனிட் முடித்த பிறகுதான் உங்கள் மணி எண்ணப்படும். அதற்கு முன் செய்தது எவ்வளவு நல்ல வேலையாக இருந்தாலும் கணக்கில் வராது. அதிலிருந்து பட்டம் வரை உங்கள் பெயர் டிரெய்னி.

பட்டத்துக்கே குறைந்தது 225 மணி நேரடி அனுபவம் வேண்டும். அதில் 75 மணி வரை, வருபவருக்காகப் பரிந்து பேசி உதவி ஏற்பாடு செய்யும் வேலையாக இருக்கலாம். உரிமத்துக்கான 3,000-ல், பட்டத்துக்கு முந்தைய மணிகள் அதிகபட்சம் 1,300. அந்த 1,300-க்குள்ளும் ஆலோசனை, மேற்பார்வை இரண்டும் சேர்ந்து 750-ஐத் தாண்டக்கூடாது.

டிரெய்னி தனியார் கிளினிக்கில் வேலை பார்க்கக்கூடாது. அக்காவின் கிளினிக், சித்தப்பாவின் கிளினிக், எதுவானாலும் கூடாது. இலாப நோக்கற்ற அமைப்பு, பள்ளி, மாவட்ட மனநலத் துறை மாதிரியான இடங்களைப் பாருங்கள்.

மேற்பார்வையின் அளவுகோலையும் இங்கேயே பழகிக்கொள்ளுங்கள். ஒரு யூனிட் மேற்பார்வை என்றால் தனியாகவோ இருவராகவோ ஒரு மணி நேரம், அல்லது குழுவாக இரண்டு மணி நேரம். டிரெய்னிக்கு ஒவ்வொரு 5 மணி ஆலோசனைக்கும் சராசரியாக ஒரு யூனிட், ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாக.

## 5. பட்டம் வந்ததும் ஓடும் 90 நாள்

இங்கேதான் அதிகம் பேர் விழுகிறார்கள். நிதானமாகப் படியுங்கள்.

பட்டம் வாங்கியதும் அசோசியேட் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். எண் வர வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில் பார்க்கும் வேலையும் கணக்கில் சேர வேண்டுமானால், விண்ணப்பம் பட்டம் வழங்கப்பட்ட தேதியிலிருந்து 90 நாளுக்குள் வாரியத்தின் கையில் இருக்க வேண்டும். பட்டம் வழங்கப்பட்ட தேதி என்பது மதிப்பெண் பட்டியலில் அச்சாகியிருக்கும் தேதி. பட்டமளிப்பு விழா நாள் இல்லை. கடைசித் தேர்வு நாளும் இல்லை. விழா ஜூனில் நடக்கும், பட்டியலில் மே மாதத் தேதி இருக்கும். அந்த மூன்று வாரத்தைக் கவனிக்காமல் கோட்டைவிட்டவர்கள் உண்டு.

இரண்டாவது நிபந்தனை: வேலை தரும் இடம், நீங்கள் அங்கே மணி சேர்க்கத் தொடங்கும் முன்பே உங்களிடம் லைவ் ஸ்கேன் (மின்னணு முறையில் எடுக்கும்) கைரேகை எடுத்திருக்க வேண்டும். அந்தப் பூர்த்தியான படிவத்தின் நகலை, வருடங்கள் கழித்து உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது இணைக்க வேண்டும்.

குழப்பம் எங்கே வருகிறதென்றால், வாரியமும் தனியாக ஒரு லைவ் ஸ்கேன் கேட்கும். "ஏற்கெனவே கைரேகை கொடுத்துவிட்டேனே" என்று நினைத்து, வேலை இடத்தின் படிவத்தை விட்டுவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு. படிவத்தின் மேல்பகுதியில் யாருக்காக எடுக்கப்பட்டது என்று இருக்கும். வாரியத்தின் பெயர் இருந்தால் அது பதிவுக்கானது, வேலை இடத்தின் பெயர் இருந்தால்தான் அது 90 நாள் விதிக்கு உதவும். என் மேசையில் கோப்பை விரித்தவளிடம் முதலாவது இருந்தது, இரண்டாவது இல்லை.

கைரேகை மையத்தை விட்டு வெளியே வரும்போதே படிவத்தை ஃபோனில் படம் எடுத்து, உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளுங்கள். ஹெச்.ஆரை நம்பி விடாதீர்கள்.

அசோசியேட் எண் கைக்கு வரும்வரை தனியார் கிளினிக்கில் வேலை பார்க்கக்கூடாது. 90 நாள் விதிக்குள் விண்ணப்பித்திருந்தாலும் இதே தடைதான்.

## 6. வேலையை ஏற்கும் முன் கேட்க வேண்டியவை

நேர்காணலில் சம்பளம் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் இதையும் கேட்காமல் வந்துவிடுகிறார்கள். கேளுங்கள்.

முதல் கேள்வி, டபிள்யூ-2 (சம்பளமும் வரிப்பிடித்தமும் காட்டும் வருடாந்திரப் படிவம்) பெறும் ஊழியரா? அசோசியேட் என்பவர் ஊழியராகவோ தன்னார்வலராகவோ மட்டுமே இருக்க முடியும். 1099 படிவம் பெறும் சுயேச்சை ஒப்பந்தக்காரராக வேலை பார்த்த மணிகள் செல்லாது. "இங்கே எல்லாரும் 1099தான், ஒரு பிரச்சினையும் வரவில்லை" என்று சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். உரிம விண்ணப்பத்தில் டபிள்யூ-2 நகலைக் கேட்பார்கள், அப்போது எதையும் மாற்ற முடியாது.

இரண்டாவது, மேற்பார்வையாளர் யார்? கடந்த ஐந்து வருடத்தில் குறைந்தது இரண்டு வருடம் உரிமத்தோடு இருந்தவராக இருக்க வேண்டும். உறவினராகவோ உங்களுக்குச் சிகிச்சை அளித்தவராகவோ இருக்கக்கூடாது. அவருடைய உரிமத்தில் நடவடிக்கை ஏதும் உண்டா என்று மாநிலத்தின் இணையத் தேடலில் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். பார்ப்பது மரியாதைக் குறைவு இல்லை, நல்ல மேற்பார்வையாளர் அதை எதிர்பார்ப்பார்.

மூன்றாவது, தாள்கள். மேற்பார்வை தொடங்கி 60 நாளுக்குள் மேற்பார்வை ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். மேற்பார்வையாளர் அந்த இடத்தின் ஊழியர் இல்லையென்றால், வெளியிலிருந்து வருபவரென்றால், மேற்பார்வை தொடங்கும் முன்பே நிறுவனத்துக்கும் அவருக்கும் இடையே தனி எழுத்து உடன்பாடு வேண்டும். இது பின்தேதி போட்டுச் சரிசெய்யும் விஷயம் இல்லை. அப்படி யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் தமிழில் சிகிச்சை அளிக்கப்போகிறீர்கள் என்றால் நான்காவதாக ஒன்று. மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரியாது. அந்த மணிகள் கணக்கில் சேரும், அதில் சிக்கல் இல்லை. ஆனால் உங்கள் செஷனை அவர் நேரடியாகக் கேட்டுத் திருத்த முடியாது. நான் தொடக்கத்தில், ஒரு மாமியார் மருமகளிடம் சொன்ன "உன் இஷ்டம்" என்ற ஒரு சொல்லை ஆங்கிலத்தில் அப்படியே எழுதிக்கொண்டு போனேன். மேற்பார்வையாளர் அதை அனுமதி என்று புரிந்துகொண்டார். அது கோபம் என்று விளக்க இருபது நிமிடம் ஆனது. அப்போதிருந்து, முக்கியமான மூன்று நான்கு வாக்கியங்களைத் தமிழில் சொன்னபடியே குறித்து, பக்கத்தில் தொனியையும் எழுதிக் கொண்டுபோவேன்.

## 7. 3,000 மணியின் உள்கணக்கு

மொத்தம் 3,000. இதை ஒரே எண்ணாகப் பார்ப்பதுதான் தவறு. உள்ளே இருப்பது இது:

- நேரடி ஆலோசனை குறைந்தது 1,750. அதற்குள் தம்பதி, குடும்பம், குழந்தைகளோடு குறைந்தது 500.
- மேற்பார்வை, குறிப்பெழுதுதல், அறிக்கை, பயிலரங்கு போன்றவை அதிகபட்சம் 1,250.
- பட்டத்துக்குப் பிறகு குறைந்தது 1,700.
- மேற்பார்வையோடு கூடிய வாரங்கள் குறைந்தது 104. அதில் 52 வாரம் தனியாகவோ இருவராகவோ பெற்ற மேற்பார்வை இருக்க வேண்டும்.
- ஒரு வாரத்துக்கு அதிகபட்சம் 40 மணி.

இப்போது வகுத்துப் பாருங்கள். 1,750-ஐ 104 வாரத்தில் முடிக்க, வாரம் சுமார் 17 மணி நேரடி ஆலோசனை வேண்டும். நேரம் ஒதுக்கி, ஆள் வராமல் போனால் அது நேரடி மணி இல்லை. ஆக 17 வேண்டுமானால் 22, 23 சந்திப்பாவது அட்டவணையில் இருக்க வேண்டும்.

இங்கே இன்னொரு விதி குறுக்கே வரும். அசோசியேட்டுக்கு வாரம் ஒரு யூனிட் மேற்பார்வை கட்டாயம். ஓர் இடத்தில் அந்த வாரம் நேரடி ஆலோசனை 10 மணியைத் தாண்டினால் இன்னொரு யூனிட் வேண்டும். வாரம் 17 மணி பார்ப்பவருக்கு எப்போதும் இரண்டு யூனிட் தேவை. ஒரு யூனிட் மட்டும் தரும் இடத்தில் சேர்ந்து, 20 மணி பார்த்துவிட்டு, 10-க்கு மேல் போனதை எல்லாம் கணக்கிலிருந்து அடித்தவர்கள் இருக்கிறார்கள். இது நேர்காணலிலேயே கேட்க வேண்டியது: "வாரம் எத்தனை யூனிட் தருவீர்கள், எழுத்தில் தர முடியுமா?"

மேற்பார்வை அதே வாரத்தில் நடந்திருக்க வேண்டும். மேற்பார்வையாளர் விடுமுறையில் போய், அடுத்த வாரம் இரண்டு மணி சேர்த்து உட்கார்ந்தால் போன வாரம் பிழைக்காது. அவருடைய விடுமுறை நாட்களை வருடத் தொடக்கத்திலேயே வாங்கி, மாற்று ஏற்பாட்டைக் கேட்டு வையுங்கள்.

500 மணியை முதல் நாளிலிருந்தே தனி நிரலில் எண்ணுங்கள். பெரியவர்களைத் தனித்தனியாகப் பார்க்கும் இடத்தில் இரண்டு வருடம் வேலை செய்தால், 3,000 முடிந்திருக்கும், இது மட்டும் 140-ல் நிற்கும். பெயரிலேயே திருமணமும் குடும்பமும் இருக்கும் உரிமத்துக்கு அவைதான் குறைவாக இருக்கும். குழந்தையைத் தனியாகப் பார்த்தாலும் இதில் சேரும், ஆகவே பள்ளியில் வாரம் ஒரு நாள் என்பது நல்ல வழி. என்னைக் கேட்டால், தம்பதிகளோடு ஆரம்பத்திலேயே உட்காருவதுதான் நல்லது. ஒரே நேரத்தில் இருவரின் வலியையும் பக்கம் சாயாமல் கேட்பது, வேறெங்கும் கற்க முடியாத வேலை.

அப்புறம், ஆறு வருட விதி. உரிம விண்ணப்பம் வாரியத்துக்குப் போகும் தேதியிலிருந்து பின்னோக்கி ஆறு வருடத்துக்குள் சேர்ந்த மணிகளே எண்ணப்படும். கல்லூரிப் பயிற்சியில் சேர்ந்த 500 மணி வரை மட்டும் இதற்கு விலக்கு. குழந்தை பிறந்து இடைவெளி எடுப்பவர்கள் இந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அசோசியேட் பதிவும் முதல் வருடத்துக்குப் பிறகு ஐந்து முறைதான் புதுப்பிக்கப்படும். அதற்கப்புறம் புது எண் வாங்க வேண்டும், புது எண்ணில் பொதுவாகத் தனியார் கிளினிக்கில் வேலை பார்க்க முடியாது.

## 8. கையெழுத்துகளை அன்றன்றே வாங்குங்கள்

இரண்டு வகைத் தாள். வாராந்திரப் பதிவு உங்களிடமே இருக்கும், வாரியம் கேட்டால் மட்டும் கொடுப்பது. அனுபவச் சரிபார்ப்புப் படிவம் விண்ணப்பத்தோடு போவது. பட்டத்துக்கு முந்தையதும் பிந்தையதும் ஒரே படிவத்தில் கலக்கக்கூடாது. மேற்பார்வையாளர் மாறினாலோ இடம் மாறினாலோ தனிப் படிவம்.

ஓர் இடத்தை விட்டு விலகும் கடைசி வாரத்திலேயே படிவத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மேற்பார்வையாளர் ஓய்வு பெறுவார், ஊர் மாறுவார், நோய்வாய்ப்படுவார். மனக்கசப்போடு பிரிந்தாலும் வாங்கிவிடுங்கள். அப்போதுதான் இன்னும் அவசியம்.

## 9. சட்டமும் நெறியும்: முதல் தேர்வு

75 கேள்வி, 90 நிமிடம். அசோசியேட்டாக இருக்கும்போதே எழுத வேண்டும். தேர்ச்சி பெறும்வரை ஒவ்வொரு வருடமும் ஒரு முறையாவது எழுதினால்தான் பதிவைப் புதுப்பிக்க முடியும். கூடவே, ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் கலிபோர்னியா சட்டமும் நெறியும் பற்றி 3 மணி தொடர்கல்வி வேண்டும். பதிவு கிடைத்த முதல் நான்கு மாதத்திலேயே எழுதிவிடுங்கள், பாடம் நினைவில் இருக்கும்போதே.

நம்மவர்கள் தவறவிடும் கேள்விகளில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. வீட்டு நியாயத்தை வைத்துப் பதில் சொல்கிறார்கள். பதினைந்து வயதுப் பெண் செஷனில் சொன்னதை அம்மா கேட்கிறார், "பெற்றவளுக்குத் தெரியாமல் எப்படி?" என்று மனம் சொல்லும். கலிபோர்னியாவில் 12 வயது நிரம்பியவர், போதிய முதிர்ச்சி இருந்தால், தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம். அப்போது அந்தப் பதிவின் மீதான உரிமையும் மாறுகிறது. அதேபோல, குழந்தை மீதான கொடுமை பற்றி நியாயமான சந்தேகம் வந்தால் உடனே தொலைபேசியில் சொல்லி, 36 மணிக்குள் எழுத்தில் அனுப்ப வேண்டும். "குடும்பத்தோடு பேசிப் பார்த்துவிட்டு" என்று தொடங்கும் பதில் இந்தத் தேர்வில் தவறான பதில்.

## 10. உரிம விண்ணப்பமும் கிளினிக்கல் தேர்வும்

வரிசை இது: 3,000 மணி, முதல் தேர்வில் தேர்ச்சி, உரிம விண்ணப்பம், வாரியத்தின் ஒப்புதல், கிளினிக்கல் தேர்வு, கடைசியாக உரிமக் கட்டணம். கிளினிக்கல் தேர்வு நான்கு மணி நேரம். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும் மாதங்களில் அசோசியேட் பதிவு காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்துவிட்டது என்ற நினைப்பில் அதைப் புதுப்பிக்க மறந்து, வேலையை நிறுத்த வேண்டி வந்தவர்கள் உண்டு.

விண்ணப்பத்தில் 3,000 மணியை மட்டும் துல்லியமாகக் காட்டாமல், 100, 150 கூடுதலாக வைத்திருங்கள். பரிசீலிப்பவர் ஓரிரு வாரத்தை நிராகரித்தாலும் விண்ணப்பம் தப்பிவிடும். தேர்வில் தேறியபின் கட்டணத்தைக் கட்டி, உரிம எண் இணையத் தேடலில் தெரியும்வரை நீங்கள் எல்.எம்.எஃப்.டி. இல்லை. தேர்வு முடிந்த மாலையே அட்டை அச்சடிக்கக் கொடுக்காதீர்கள்.

அதுவரை விளம்பரத்திலும் தளத்திலும் "பதிவுபெற்ற அசோசியேட்" என்ற முழுப் பட்டத்தை எழுதி, பதிவு எண், வேலை தருபவர் பெயர், உரிமம் பெற்றவரின் மேற்பார்வையில் இருப்பது ஆகியவற்றையும் போட வேண்டும்.

## 11. உரிமத்துக்குப் பிறகு: தொழில் அமைப்பும் மெடிகேரும்

எல்.எல்.சி. தொடங்காதீர்கள். கலிபோர்னியாவில் எல்.எம்.எஃப்.டி. சேவையை எல்.எல்.சி. வழியாக அளிக்க முடியாது. தனி உரிமையாளராக இருக்கலாம், அல்லது தொழில்முறைக் கார்ப்பரேஷன் வைக்கலாம். கணக்காளரிடம் இதை நீங்களே சொல்லுங்கள், ஐ.டி. நண்பர்களுக்கு எல்.எல்.சி. வைத்துத் தந்தவர் உங்களுக்கும் அதையே சொல்வார்.

சிகிச்சை அளிப்பவர்களுக்கான தேசிய அடையாள எண்ணான என்.பி.ஐ. இலவசம், இணையத்திலேயே கிடைக்கும். அதன்பின் காப்பீட்டு நிறுவனங்கள் தகுதியைச் சரிபார்க்கும் சி.ஏ.க்யூ.ஹெச். தளத்தில் விவரம் ஏற்றி, காப்பீட்டு நிறுவனங்களுக்குத் தனித்தனியாக விண்ணப்பம். இது மாதக்கணக்கில் ஆகும், வாடகைக்கு அறை எடுக்கும் முன்பே தொடங்குங்கள்.

குடும்ப செஷனுக்கு இரண்டு குறியீடு: நோயாளி உடன் இருந்தால் 90847, இல்லாமல் குடும்பத்தை மட்டும் பார்த்தால் 90846. இரண்டிலும் மனநலக் கண்டறிதல் உள்ள ஒரு நோயாளி இருக்க வேண்டும். தம்பதிக்குள் பிணக்கு என்பதற்கான இசட்63.0 குறியீட்டை மட்டும் போட்டால் காப்பீடு பொதுவாகப் பணம் தராது. அதற்காக இல்லாத நோயை எழுதுவது மோசடி. தம்பதியிடம் முதல் ஃபோனிலேயே "இதற்குக் காப்பீடு வராமல் போகலாம், கட்டணம் இவ்வளவு" என்று சொல்லி, மதிப்பீட்டுத் தொகையை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

2024 ஜனவரி 1 முதல், பெரும்பாலும் 65 வயதைத் தாண்டியவர்களுக்கான மத்திய அரசுக் காப்பீடான மெடிகேர் நம்மை ஏற்கிறது, உளவியலாளருக்கான தொகையில் 75 சதவீதம் தருகிறது. விண்ணப்பம் 855-I என்ற படிவம், மெடிகேரின் பெகோஸ் என்ற தளம் வழியாக. இங்கே ஒரு நுணுக்கம். மெடிகேர் கேட்பது பட்டத்துக்குப் பிறகான இரண்டு வருட மேற்பார்வை அனுபவம், அல்லது 3,000 மணி. கலிபோர்னியாவின் 3,000-ல் 1,300 வரை பட்டத்துக்கு முந்தையதாக இருக்கலாம் என்பதால், உரிமம் இருந்தாலே போதும் என்று எண்ண வேண்டாம். பட்டத் தேதியிலிருந்து இரண்டு வருடம் மேற்பார்வையில் இருந்ததைக் காட்டுவது பலருக்கும் சுலபம். அதற்கும் தேவைப்படுவது அதே அனுபவச் சரிபார்ப்புப் படிவங்கள்தான். வாரியத்துக்கு அனுப்பும் முன் ஒவ்வொன்றையும் வண்ணத்தில் ஸ்கேன் செய்து வையுங்கள்.

உரிமத்தை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், 36 மணி தொடர்கல்வியோடு, அதில் 6 மணி சட்டமும் நெறியும். சிகிச்சைப் பதிவுகளை, சிகிச்சை முடிந்து ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும். சிறுவர் என்றால் அவர்களுக்கு 18 வயது ஆனதிலிருந்து ஏழு வருடம்.